பாய்லர் சுவிட்சுக்குக் காவல்

ஸுல்ஃபோ முப்பத்திரண்டு வருஷம் டோபோய் ஊருக்கு வடக்கே ஒரு ரயில்வே கேட்டில் கேட் கீப்பராக இருந்தவர். அவர் கேட்டில் ஒரு கோழிகூட அடிபட்டதில்லை. ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்ததும் அவர் தானாக எடுத்துக்கொண்ட வேலை ஒன்றே ஒன்றுதான். பாய்லர் சுவிட்ச்.

குளியலறைக்கு வெளியே, நடைச் சுவரில், சிவப்பு விளக்கு வைத்த சுவிட்ச் அது. பாய்லர் ஓடும்போது அந்த ஊரில் யாரும் குளியல் தொட்டிக்குள் கால் வைக்க மாட்டார்கள். தண்ணீரோடு கரண்டும் சேர்ந்து வந்து ஆளைத் தூக்கிவிடும் என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. மற்றவர்கள் அணைத்துவிட்டுத் தங்கள் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். ஸுல்ஃபோ போகமாட்டார். மனைவி ஹாய்ரா உள்ளே தாழ்ப்பாள் போட்டதும், "அணைச்சாச்சா?" என்பாள். "அணைச்சாச்சு!" என்பார். யாராவது தவறிப்போய் மறுபடி போட்டுவிடக் கூடாதே என்று அவள் வெளியே வரும்வரை அங்கேயே நிற்பார். வீட்டில் இருப்பதே இரண்டு பேர். அதையும் ஹாய்ரா நூறு தடவை சொல்லிப் பார்த்துவிட்டாள்.

வம்பை விலைக்கு வாங்கியது அவள்தான். தண்ணீர் சூடாக நேரமாகிறது, உள்ளே உப்புப் படிந்திருக்கும், சுரண்டு என்று மூன்று வாரம் நச்சரித்தாள். ஸுல்ஃபோ அடிமூடியைக் கழற்றி, சூப் கரண்டியால் சுரண்டி, அரை வாளி உப்பை எடுத்தார். மறுநாள் காலையில் பாய்லரின் வயிற்றிலிருந்து தண்ணீர் சொட்டியது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான்.

குழாய் வேலை செய்யும் எல்டின் வந்தான். ஹாய்ராவின் காப்பியைக் குடிக்காமல் அந்த வீட்டில் யாரும் ஸ்பானரைத் தொட முடியாது. இரண்டு கோப்பை உள்ளே போனபின் டார்ச் அடித்துப் பார்த்தான்.

"மாமா, இருபத்தாறு வருஷத்துப் பாய்லர். எப்பவோ துருப்பிடிச்சு ஓட்டையாயிடுச்சு. உப்புதான் அடைச்சுக் காப்பாத்திட்டு இருந்திருக்கு. நீங்க அதைப் போய்ச் சுத்தம் பண்ணிட்டீங்க."

"நான் எங்கடா பண்ணேன்? இவ பண்ண வெச்சா."

"ஆமா, நான் சொன்னதை எல்லாம் அப்படியே கேக்கற மனுஷன்! நாப்பது வருஷமா சிகரெட்டை விடுன்னு கத்தறேன், காதுல ஏறுச்சா?"

எல்டின் சிரிப்பை அடக்கிக்கொண்டான். "பத்தவைக்கலாம் மாமா. ஆனா இங்க பத்தவெச்சா பக்கத்துல பிச்சுக்கும். பேசாம புதுசு வாங்குங்க. சரியா எர்த் கொடுத்து மாட்டித் தரேன். அணைக்கவே வேணாம், ஓடும்போதே குளிக்கலாம். அந்தச் சுவிட்சைக்கூடக் கழட்டிட்டு மூடி போட்டுடலாம்."

ஹாய்ராவுக்கு வாயெல்லாம் பல். ஸுல்ஃபோ கோப்பையைக் கீழே வைத்தார்.

"பழுது பாரு," என்றார்.

அவன் முடியாதென்று கிளம்ப, அவரே இறங்கினார். ரப்பர் வைத்தார், பசை பூசினார், காயட்டும் என்றார். காய்ந்ததும் சொட்டியது. மறுபடி பூசினார்.

"ஏ மனுஷா, மூணு நாளா அடுப்புல பானை வெச்சுக் குளிக்கறேன். இன்னும் என்ன அந்த ஓட்டைத் தகரத்தோட காதல்?"

"பொறுடி. இன்னும் ஒரு பூச்சுதான்."

நான்காம் நாள் சண்டை போடத் தயாராகத்தான் நடைக்கு வந்தாள். பாய்லர் தண்ணீரில்லாமல் காலியாகக் கிடந்தது. ஸுல்ஃபோ சுவிட்சுக்கு முன்னால் நின்று, அதன் சிவப்பு விளக்கைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருந்தார். கேட்டில் இருந்தபோது சிவப்பு லாந்தரை அப்படித்தான் துடைப்பார். பிறகு அங்கே தானாக இறங்கும் தடுப்பு வந்தது. இனி ஆள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கொடியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அன்றைக்கு அவர் வீட்டுக்கு வந்து நின்ற முகம் அவளுக்கு நினைவு வந்தது. எல்டின் பாவம், விவரம் தெரியாமல் அதே 'வேண்டாம்' என்ற வார்த்தையை மறுபடி சொல்லியிருக்கிறான். இந்தக் கிழவன்மேல் இவ்வளவு ஆசை இன்னும் மிச்சம் இருக்கிறதா என்று அவளுக்கே ஆச்சரியம். ஆனால் அவள் ஹாய்ரா ஆயிற்றே. "அந்தக் கைக்குட்டையை நேத்துதான் தோய்ச்சேன்," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு எல்டினுக்குப் போன் போட்டாள்.

"புதுசே கொண்டா. ஆனா அந்தச் சுவிட்ச்மேல கை வெச்சே, கையை ஒடிப்பேன்."

"அது தேவையே இல்லை மாமி..."

"உன்னைக் கேட்டேனா?"

புதிய பாய்லர் ஏறியபோது ஸுல்ஃபோ பால்கனியைவிட்டு நகரவில்லை. எட்டிக்கூடப் பார்க்கவில்லை. எல்டின் போனபின்னும் அங்கேயே உட்கார்ந்து புகைத்தார். மாலையில் தண்ணீர் கொதிகொதியென்று தயாரானது. ஹாய்ரா உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டு, துணியைக் களைந்து, வெறும் தொட்டியில் உட்கார்ந்தாள்.

"அணைச்சாச்சா?"

இன்னும் உரக்கக் கேட்டாள்.

"அதான் வேணாம்னு சொன்னானே அந்தப் பய!" பால்கனியிலிருந்து குரல் வந்தது.

"குளிக்கறது அவனா, நானா?"

"புதுசுடி. ஒண்ணும் ஆகாது."

"புதுசை எவ நம்புவா? நீ கேட்டை மூடற வரைக்கும் நான் குழாயைத் தொறக்க மாட்டேன். குளிருது, வா சீக்கிரம்!"

பால்கனியில் நாற்காலி நகர்ந்தது. பிறகு செருப்பு தேய்த்து நடந்து வரும் ஓசை கேட்டது. சுவிட்ச் டக்கென்றது.

"அணைச்சாச்சு!"

தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் நிற்பவனுக்கும் கேட்கும் குரல் அது. ஹாய்ரா குழாயைத் திறந்தாள். கதவுக்கு அடியில் இரண்டு செருப்புகளின் நிழல் விழுந்து, அங்கேயே நின்றது. அன்றைக்கு அவள் அவசரமே இல்லாமல் தலைக்கு இரண்டு தடவை சோப்புப் போட்டாள்.