ராய் விற்ற பச்சைக் கார்

ராய் பென்ஃபோல்ட் ஆபிங்டன் கார் ஆலையில் கதவு மாட்டியவர். அங்கே செய்த பச்சை எம்.ஜி. ஒன்றை, இரண்டே பேர் உட்காருகிற பந்தயச் சாயல் காரை, கல்யாணத்துக்கு முன்பே வாங்கி இத்தனை காலம் அதோடு மாரடித்தார். மழை வந்தால் உள்ளே ஒழுகும். குளிர் வந்தால் கிளம்பாது. நிறுத்திய இடமெல்லாம் எண்ணெய் கக்கும்.

"இது காராடா, ஓட்டை வாளியாடா?" என்று மனைவி பெரில் ஏசுவாள். ஏசிக்கொண்டே தலையில் துணியைக் கட்டி ஏறி உட்காருவாள்.

பாழாய்ப்போன மறதி நோய் அவளைப் பிடித்தது. வீட்டுக்குள் ராயை யாரோ என்று பார்ப்பாள். காரில் ஏறியதும் மட்டும், "ராய், மெதுவா போடா" என்பாள். அந்த ஒரு வார்த்தையை வைத்துத்தான் மனுஷன் வாரத்தை ஓட்டினார். பிறகு அவளுக்கு இடுப்பும் போயிற்று. தரையோடு கிடக்கும் அந்த இருக்கையில் இறக்கவும் முடியவில்லை, தூக்கவும் முடியவில்லை. கடைசியில் அதை விற்று, சாம்பல் நிறத்தில் சின்னப் புதுக் கார் ஒன்று வாங்கினார். குறை சொல்ல ஒன்றுமில்லை. பொத்தானை அமுக்கினால் கிளம்புகிறது, இருக்கைகூடச் சூடாகிறது. இதில் ஏறினாலும் தன்னைக் கண்டுகொள்வாள் என்று நம்பினார்.

முதல் ஞாயிறு வாண்டேஜ் பக்கம் போனார்கள். பெரில் வாயே திறக்கவில்லை. எதிரே சிவப்பு எம்.ஜி. ஒன்று வந்தது. பழைய எம்.ஜி.க்காரர்கள் சாலையில் பார்த்துக்கொண்டால் கை தூக்குவார்கள். பழக்கதோஷத்தில் ராயும் தூக்கிவிட்டார். அதை ஓட்டி வந்தவன் சட்டைகூடச் செய்யவில்லை. சாம்பல் டப்பாவை எவன் மதிப்பான்?

"நீங்க ஏங்க கை காட்டுறீங்க? அது எம்.ஜி. வச்சிருக்கவங்களுக்கு மட்டும்தான்" என்றாள் பெரில்.

"பெரில், நான்தாம்மா ராய்."

"சும்மா இருங்க. ராய் இந்த மாதிரி வண்டியத் தொடக்கூட மாட்டான்."

"அத வித்துட்டேம்மா. உன்னால ஏற முடியலையே."

"அவனா? என்னை வித்தாலும் விப்பான், அத விக்க மாட்டான்!" என்று சிரித்தாள். ஐயோ, அது பழைய பெரிலின் சிரிப்பேதான்.

வீட்டு வாசலில் கைத்தாங்கலாக இறக்கிவிட்டார்.

"ரொம்ப நன்றிங்க. ஒரு குலுக்கல் இல்லாம ஓட்டுனீங்க" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "உங்ககூட வந்தேன்னு ராய்கிட்ட சொல்லிடாதீங்க. பாவம், மனசு ஒடஞ்சு போயிடுவான்."

"சொல்லலம்மா" என்றார் ராய்.