மோப்ப மேடம்

அன்று மாலை நான் வேலை முடிந்து வந்தபோது சித்தி சமையலறையில் உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தார். வாசற்படியிலேயே எனக்குக் கேஸ் வாடை அடித்தது. உள்ளே போனால் அடுப்பின் ஒரு திருகு பாதி திறந்திருந்தது. சித்தியின் கைக்கெட்டும் தூரத்தில் லைட்டர். திருகை மூடிவிட்டுச் சன்னல்களைத் திறந்தேன்.

“என்னடி, வந்ததும் வராததுமா சன்னலோட சண்டை?” என்றார்.

அடுப்பு திறந்திருக்கிறது என்றேன். எப்போதிலிருந்து என்று கேட்டார். அது உங்களுக்கல்லவா தெரியும் என்றேன். அவர் கத்தியைக் கீழே வைத்தார். காப்பித்தூள் டப்பாவைத் திறந்து என்னிடம் நீட்டி, வாசனை வருகிறதா என்று கேட்டார். வருகிறது என்றேன். டப்பாவைத் திரும்ப வாங்கி, தன் மூக்கோடு ஒட்டி வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

“காய்ச்சல்ல போனது. இன்னிக்கு வந்துடும், நாளைக்கு வந்துடும்னு பாத்துக்கிட்டிருக்கேன்.”

டாக்டரிடம் காட்டினீர்களா என்றேன். சிலருக்கு நாளாகும், பொறுத்துப் பாருங்கள் என்று டாக்டர் சொன்னாராம். சித்தப்பாவுக்குத் தெரியுமா என்றேன். இல்லையென்று தலையாட்டினார். ஆபீசில் தெரியுமா என்றேன். கிழங்கை மறுபடி கையில் எடுத்துக்கொண்டு, “யார்கிட்டயும் மூச்சு விடாதே” என்றார்.

சித்தி எங்கள் ஊர்க் குடிநீர் நிலையத்தில் குளோரின் அறையைப் பார்த்துக்கொள்பவர். ஆற்றிலிருந்து வரும் தண்ணீர் மணலில் வடிந்து தெளிந்துவிடும்; ஆனால் கண்ணுக்குத் தெரியாத கிருமி தெளிந்த தண்ணீரிலும் இருக்கும். அதைக் கொல்லத்தான் குளோரின். ஆளுயர இரும்பு சிலிண்டர்களில் அழுத்தி அடைத்து வருகிற அந்த வாயுவை மெல்லிய குழாய் வழியாகத் தண்ணீரில் கலந்துவிடுவார்கள். குறைந்தால் தெருவே வயிற்றைப் பிடித்துக்கொள்ளும். கூடினால் புகார் வரும். “வாடை அடிச்சா எனக்குப் போன் பண்ணுவாங்க, அடிக்கலேன்னா ஆஸ்பத்திரிக்குப் போவாங்க. போனே வரட்டும்” என்பார் சித்தி.

தண்ணீரைப் பொறுத்தவரை அவருக்குப் பயம் இல்லை. கடைசித் தெருவில் ஒரு தையல்காரர் வீட்டுக் குழாய்தான் அந்தக் குழாய்வழியின் முடிவு. தினமும் அங்கே சோதனைக் குப்பியில் தண்ணீர் பிடித்து, மருந்துச் சொட்டு விட்டு, நிறம் பார்ப்பார். அதற்குக் கண் போதும். மூக்கு வேண்டியது சிலிண்டர் அறைக்கு. தண்ணீரில் துளி கலந்தால் உயிரைக் காக்கிற அதே வாயு, காற்றில் கசிந்தால் நெஞ்சைப் பொசுக்கிவிடும். இப்போது அந்த அறை வாசலில் கசிவைக் கண்டதும் கூவுகிற கருவி ஒன்றை மாட்டியிருக்கிறார்கள். அப்போது கருவி கிடையாது. சித்தியின் மூக்குதான் கருவி.

அந்த மூக்குக்கு ஒரு பேரும் இருந்தது. சித்தி அங்கே சேர்ந்த புதிதில், எல்லோரும் மரத்தடியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, பாதியில் டப்பாவை மூடி எழுந்து சிலிண்டர் கசிகிறது என்றாராம். எனக்கு உங்கள் சாப்பாட்டு வாசனைதான் வருகிறது என்று மோட்டார் பார்ப்பவர் கிண்டல் செய்திருக்கிறார். போய்ப் பார்த்தால் கசிவுதான். அன்றிலிருந்து இன்ஜினீயர் முதல் காவலாளி வரைக்கும் அவர் ‘மோப்ப மேடம்’. தினமும் காலையில் இன்ஜினீயர், “என்ன மோப்ப மேடம், இன்னிக்குக் காத்து எப்படி?” என்று கேட்பதும், இவர், “சுத்தமா இருக்கு சார், நீங்க வர்ற வரைக்கும்” என்பதும் வழக்கமாகிவிட்டது.

அந்த அறையை அதுவரை ஆண்களிடம்தான் கொடுத்திருந்தார்கள். கேட்டுக் கேட்டு வாங்கிய வேலை. மூக்கு போய்விட்டது என்று தெரிந்தால் புகார் மேசையில் உட்கார்த்தி வைத்துவிடுவார்கள். சித்தப்பாவோ, அந்த விஷக்காற்றை விட்டுத் தொலை என்று ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருப்பவர். அதனால் சித்தி அமோனியா பாட்டிலைப் பிடித்துக்கொண்டார்.

அது எல்லாக் குளோரின் அறையிலும் இருப்பதுதான். குச்சியின் நுனியில் துணி சுற்றி, அமோனியாவில் நனைத்து, குழாயின் மூட்டுகளுக்குப் பக்கத்தில் காட்டவேண்டும். கசிவு இருந்தால் வெள்ளைப் புகை எழும். மூக்கு சந்தேகப்பட்டால் கண் உறுதி செய்துகொள்ள வைத்த ஏற்பாடு. சித்தி அதையே முழுதும் நம்பினார். போனதும் ஒருமுறை, சாப்பாட்டுக்கு முன் ஒருமுறை, கிளம்பும்போது ஒருமுறை. வீட்டுக்கு வந்த பிறகும் நிம்மதி இல்லை. சாப்பிட்டுக்கொண்டே இருப்பார், சட்டென்று கை நின்றுவிடும். “மூணாவது மூட்டுல காட்டினேனா?” என்று என்னைக் கேட்பார், நான் கூட நின்று பார்த்ததுபோல. சித்தப்பா தலை நிமிர்ந்தால், முழங்கால் மூட்டு வலிக்கிறது என்று சமாளிப்பார். அடுப்பை நான்தான் பற்றவைத்தேன். பால் கெட்டதா என்று என் முகத்தைத்தான் பார்த்தார்.

அப்படிப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு மதியம், மோட்டார்காரர் ஸ்பேனர் தேடிக்கொண்டு சிலிண்டர் அறைக்குள் போயிருக்கிறார். போகலாமா அக்கா என்று கேட்டுவிட்டுத்தான் போனார். சித்தி அப்போதுதான் குச்சியைக் காட்டிவிட்டு வந்திருந்தார். புகை இல்லை. போங்கள் என்றார். குளோரின் காற்றைவிடக் கனம், தரையோடு படுத்திருக்கும். ஸ்பேனர் கிடந்தது சிலிண்டருக்கு அடியில். அவர் குனிந்தார். அடுத்த நிமிடம் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடிவந்து, மரத்தைப் பிடித்தபடி இருமினார். இருமல் நிற்கவே இல்லை.

சித்தி முகமூடி மாட்டிக்கொண்டு போய் வால்வை மூடினார். மூட்டில் வாஷர் தேய்ந்திருந்தது. மாற்றினார். புது வாஷர் இரண்டுமுறை கைதவறி விழுந்ததாம். மோட்டார்காரரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் ஆக்ஸிஜன் வைத்து, சாயங்காலம்வரை படுக்கவைத்து அனுப்பினார்கள். குரல் கட்டிப்போன நிலையிலும் அவர் சித்தியைத்தான் தேற்றினார். ஸ்டோர்க்காரன் மட்டமான அமோனியா வாங்கியிருக்கிறான், அவனை ஒரு கை பார்க்கிறேன் என்றார். இன்ஜினீயரும் அதையே நம்பினார். புது பாட்டில் வந்தது.

பழைய பாட்டிலைச் சித்தி கைப்பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தார். சித்தப்பா கடைக்குப் போயிருந்த நேரம், என்னைப் பின்கட்டுக்குக் கூப்பிட்டு அதை நீட்டினார். தள்ளிப் பிடித்துத் திற என்றார். திறந்தேன். கொஞ்சம் கொஞ்சமாக மூக்கருகே கொண்டுபோனேன். ஒன்றும் இல்லை. குழாய்த் தண்ணீர்போல இருந்தது.

மூடி சரியாகப் பொருந்தாமல் நெளிந்திருந்தது. அமோனியா பறந்துபோய்ப் பல நாள் ஆகியிருக்கவேண்டும். முன்பெல்லாம் அந்த பாட்டிலைத் திறந்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டியிருக்கும். திருப்ப வேண்டியிராமல் போனதும், மூக்குதான் செத்துவிட்டதே, அதனால்தான் என்று நினைத்துக்கொண்டாராம்.

“தண்ணியைக் காட்டிட்டு, போங்கன்னு சொல்லியிருக்கேன். அவருக்கு ரெண்டும் பொண்ணு. சின்னது இன்னும் நடக்கவே ஆரம்பிக்கலை.”

ஸ்டோர்க்காரர்மேல் பழி போகிறதே என்று நான் சொல்லவில்லை. அதுவும் அவருக்குத் தெரிந்திருந்தது. துவைக்கிற கல்லில் உட்கார்ந்து, பாட்டில் மூடியைத் திருகுவதும் திறப்பதுமாக இருந்தார். வாசலில் சித்தப்பாவின் செருப்புச் சத்தம் கேட்டது. அப்போது அவசரமாக என் கையைப் பிடித்துக்கொண்டார். ஒரு கேள்விக்கு ஒரு வார்த்தையில் பதில் சொல்கிறவள் என்று வீட்டில் என்னைக் கேலி செய்வார்கள். என்னிடம் போய் அவர் கேட்டது இதுதான்:

“நாளைக்குக் காலையில இன்ஜினீயர்கிட்ட சொல்லிடலாம்னு இருக்கேன். நீயும் கூட வா. அவர் மோப்ப மேடம்னு கூப்பிட்டதும் நான் பழக்கதோஷத்துல சிரிச்சிட்டுத் திரும்பிடுவேன். அப்படி நான் சிரிச்சேன்னா, நீ சொல்லிடு.”