மாமாவின் பதினைந்து ரவுண்டு

என் மாமனாருக்குத் தோப்பு உடுமலைப்பேட்டையில். மனசு முழுக்கக் குத்துச்சண்டை மேடையில். கோயமுத்தூரில் கல்லூரியில் படித்தபோது கையுறை மாட்டிச் சண்டை பழகியவர். அதற்குச் சாட்சியாக மூக்கு சற்றுக் கோணலாக இருக்கும். கோவை சரவணம்பட்டியிலிருந்து நானும் மனைவியும் ஞாயிறுதோறும் போவோம். செருப்பைக் கழற்றுவதற்குள் டிவியில் பழைய சண்டை ஒன்று ஓட ஆரம்பித்துவிடும்.

“பாருங்க மாப்ளை, அந்தக் காலத்துல பதினஞ்சு ரவுண்டுங்க. இப்ப பன்னெண்டுக்கே நாக்குத் தள்ளுதுங்க. இந்தக் காலத்து ஹெவிவெயிட்டெல்லாம் இவங்க முன்னாடி நிப்பாங்களா?”

“நிக்க மாட்டாங்க மாமா.”

எனக்கு இதில் துளியும் சம்மதமில்லை. அந்தக் காலத்து சாம்பியன்களில் பலர் நூறு கிலோவைத் தொடாதவர்கள். இன்றைய ஆட்கள் ஆறரை அடி உயரம், நூற்றிப்பத்துக்கு மேல் எடை. இவர்கள் கையை நீட்டினாலே பழையவர் கிட்டே வர முடியாது. பதினைந்தாவது ரவுண்டு வரை யார் விட்டுவைக்கப் போகிறார்கள்? இதெல்லாம் தொண்டை வரை வரும். ஆனால் ‘ங்க’ போடாமல் என்னிடம் ஒரு வார்த்தை பேசாத மனிதரை எப்படி எதிர்த்துப் பேசுவது? தலையாட்டித் தலையாட்டி எனக்குக் கழுத்துதான் வலுத்தது.

மாமியார் இறந்த மறு வருடம், அப்படி ஒரு ஞாயிறு. கிளம்பும்போதே மனைவி எச்சரித்திருந்தாள்: “இங்கயே வந்து இருங்கன்னு அப்பா கேட்டாலும் கேப்பாருங்க. முடியாதுன்னு பக்குவமாச் சொல்லிப்போடுங்க.” எங்கள் வேலை, நண்பர்கள், ஆசையாக வாங்கிய வீடு, எல்லாம் கோவையில்.

மாமனார் வழக்கம்போல அடுக்கிக்கொண்டே போனார். கால் வேகமெல்லாம் அந்தக் காலத்தோட சரிதானுங்களே? ஆமாங்க மாமா. அடி தாங்குற தெம்பும் அவங்களுக்குத்தானுங்களே? ஆமாங்க மாமா. அதே குரலில், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்: “நீங்க ரெண்டு பேரும் இங்கயே வந்து இருந்துட்டா நல்லதுதானுங்களே மாப்ளை?”

“ஆமாங்க மாமா.”

அடுக்களையில் ஏதோ பாத்திரம் விழுந்தது. திரும்பும் வழியில் மனைவி ஒரே கேள்விதான் கேட்டாள்: “ஒரு குத்துக்கூட விழாமயே சாஞ்சுபோட்டீங்களா?”

மாமனார் எங்களுக்காக மாடியில் இரண்டு அறை கட்டினார். கோவை வீட்டை வாடகைக்கு விட்டோம். பகலெல்லாம் மாடியில் லேப்டாப்பில் வேலை, முடித்துக் கீழே இறங்கினால் சண்டை. ஜன்னலைத் திறந்தால் தென்னை, கதவைத் திறந்தால் மாமா. எனக்கு மூச்சு முட்டியது.

போன வாரம் வெடித்துவிட்டேன்.

“இல்லீங்க மாமா. இந்தக் காலத்து ஆளு மூணாவது ரவுண்டுலயே முடிச்சுப்போடுவானுங்க. அப்புறம், இங்க வந்து இருக்கறதுலயும் எனக்கு இஷ்டமில்லீங்க.”

அவர் டிவியின் சத்தத்தைக் குறைத்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். பாவமாகத்தான் பார்த்தார்.

“அன்னைக்கே சொல்றதுக்கென்னங்க? ஒரு வார்த்தை கூப்பிடாம இருந்தா மாப்ளைக்கு மரியாதை இல்லீங்களேன்னு கேட்டுவெச்சேன். நீங்க வேண்டாம்பீங்கன்னுதான் நெனச்சேன். எனக்கும் ஒத்தையில உக்காந்து டிவி பாக்கறதுதானுங்க சுகம்.”

இருவரும் மாடிப்படியைப் பார்த்தோம். அதில் பெயிண்ட் இன்னும் புதிதாக இருந்தது.

“இனி நீங்க போனீங்கன்னா, மாப்ளைய வெரட்டிட்டான்னு ஊரே பேசுமுங்களே?” என்றார்.

“ஆமாங்க மாமா” என்றேன்.