இருபது வருஷம் வேறு ஆளுக்குப் படைத்தேன்

முனியாண்டியை நம்பும் சொந்தங்களே, வணக்கம். இதை எழுத வேண்டாம், மானம் போய்விடும் என்றாள் என் மகள். போக வேண்டியது போன ஆடி மாசமே போய்விட்டது.

லாபு என்ற ஊரில் நான் பிறந்து வளர்ந்த ரப்பர் எஸ்டேட்டை வாங்கியவர்கள் வீடு கட்டப் போகிறார்கள். இடுகாடும் காலி. ஆபீஸ் சுவரில் நோட்டீஸ் ஒட்டினார்கள். மாசக் கடைசிக்குள் வாரிசுகள் சமாதியை அடையாளம் காட்டினால் எலும்பைப் புது இடத்தில் பேரோடு புதைப்பார்களாம். காட்டாததெல்லாம் ஒரே பொதுக்குழிக்கு.

அப்பா பக்கவாதத்தில் படுத்து ரெண்டு வருஷம். விஷயம் கேட்டதும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "எங்க தாத்தாவ... கூட்டத்துல போட்ராதடா."

அவருடைய தாத்தா வேலு, ரப்பர் வருமுன்னே காப்பித் தோட்டத்துக்கு வந்தவர். அப்பாவுக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லை. சொந்தம் என்று காட்ட அந்தச் சமாதி ஒன்றுதான்.

"எனக்குத் தெரியாததாப்பா?" என்றேன். அப்பாவுக்கு முட்டிவலி வந்த நாளிலிருந்து, இருபது வருஷமாகத் தீபாவளிக்கு முந்தின நாள் படைப்பவன் நான். ஆட்டுக்கறி, சுருட்டு, ஒரு போத்தல் ஸ்டௌட் பீர்.

போய்ப் பார்த்தால், நான் படைக்கும் சிமெண்டு சமாதியை ஒரு அம்மா கத்தியால் சுரண்டிக்கொண்டிருந்தார். இத்தனை வருஷமாக நான் பார்க்காத எழுத்து பாசி உரிந்து தெரிந்தது. மாடசாமி.

"இது எங்க பாட்டன், ஆபீசுக்குப் பேரக் காட்டத்தான் சுரண்டறேன்," என்றார். ரெம்பாவில் டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவராம், பேர் சரஸ்வதி. "வருஷா வருஷம் ஆடி அமாவாசைக்கு வர்றோம் தம்பி. எவனோ ஸ்டௌட் போத்தல வச்சிட்டுப் போறான். எங்க பாட்டன் கள்ளுகூடத் தொடாதவரு."

"மோசமான பசங்கக்கா," என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளைக் கிளப்பிக்கொண்டு ஓடி வந்தேன்.

அப்பா இருபது வருஷத்துக்கு முன்னால் எனக்குச் சொன்ன அடையாளம் பலாமரம். மரத்தைச் சுற்றி ஆறேழு மண்மேடு, ஒரே ஒரு சிமெண்டு. கங்காணி பரம்பரை என்று ஊரெல்லாம் பீற்றிக்கொள்பவன் மண்மேட்டையா எடுப்பேன்?

நாலு நாள்தான் இருந்தது. தூக்கம் இல்லை. கணக்கெழுதிய பழைய கிராணி வீடு, நீலாயில் இருக்கும், ஆட்களை வேலை வாங்கிய மண்டோரின் மகன் வீடு என்று அலைந்தேன். ஒருவருக்கும் தெரியவில்லை. வீட்டுக்கு வந்தால் அப்பாவின் கண் என் பின்னாலேயே வரும். எந்த மேடு என்று அவரையே கேட்டால் என் இருபது வருஷக் கூத்து வெளியே வந்துவிடும். "காட்டியாச்சுப்பா," என்று பொய் சொன்னேன். ஏதாவது ஒரு மேட்டைக் கைகாட்டிவிடலாமா என்றுகூட நினைத்தேன். யார் எழுந்து வந்து கேட்கப் போகிறார்கள்?

கடைசியில் எஸ்டேட் வாசல் முனியாண்டியிடம் போய் நின்றேன். பூ இல்லை, சுருட்டு இல்லை, வெறுங்கை. "ஐயா, நான் ஒரு வெத்துவேட்டு. உமக்கே தெரியும். எங்கப்பா கண்ண மூடறதுக்குள்ள அவரு தாத்தாவக் காட்டிக் குடுத்துரும்." அழுதேன்.

திரும்பி வந்து மோட்டாரை உதைத்தேன். கிளம்பவில்லை. உதைத்து உதைத்துக் கால் வீங்கியதுதான் மிச்சம். சாமியும் கைவிட்டார் என்று ரோட்டோரத்தில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு கார் வந்து நின்றது.

"என்ன ஸ்டௌட் தம்பி, மோட்டாருக்கு ஏறிடுச்சா?"

சரஸ்வதியக்கா. அன்று ஆடி அமாவாசை என்பதே எனக்கு நினைவில்லை.

"நான்தான்னு எப்படிக்கா..."

"முப்பது வருஷமா திருட்டு முழியப் பார்த்தவ நான். ஏறுங்க."

காரில் எல்லாவற்றையும் கொட்டினேன். "பேரு என்ன சொன்னீங்க?" என்று கேட்டார். வேலு என்றேன். காரை இன்னும் வேகமாக விட்டார்.

இடுகாட்டில் இறங்கியதும் முதல் இலையை மாடசாமிக்குப் போடவில்லை. தள்ளியிருந்த ஒரு மண்மேட்டுக்குப் போட்டார். தலைமாட்டில் ஒரு கல். படையல் முடிந்து நான் வடை தின்ன உட்காரும் அதே கல்.

"இவருதான் உங்க வேலு. மாடசாமி பொண்டாட்டி வீராயிக்கு அண்ணன். தங்கச்சி கல்யாணமாகி கப்பலேறிடுச்சி. பாக்காம இருக்க முடியாம இவரு அடுத்த கப்பல்ல வந்துட்டாரு. தாய்மாமனுக்கு மொதல்ல, புருஷனுக்கு அப்புறம்னு வீராயி சொல்லி வச்சது. மக, பேத்தி, இப்ப நானு."

"கங்காணியாக்கா?"

"தண்ணி தூக்குனாரு லா."

நாங்கள் மறந்தவருக்கு எங்கள் ரத்தமே சோறு போட்டிருக்கிறது.

"அப்போ நீங்க எனக்கு மதினி," என்றேன்.

"சமாதி தெரியல, மொறை மட்டும் தெரியுது," என்றார்.

நேராக அப்பாவிடம் கூட்டி வந்தேன். என் பொய்யையும் சொன்னேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. மதினியிடம், "ஒங்கம்மா பேரு?" என்றார்.

"பொன்னம்மா, மாமா."

"எனக்குத் தங்கச்சி மொற. இருக்காளா?"

"போயிட்டாங்க மாமா. அஞ்சு வருஷமாச்சு."

அப்பா அந்தப் பேரைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தார். அழுதார். ரெம்பாவ் அரை மணி நேர ஓட்டம். ஒரு தடவை போயிருக்கலாம்.

எலும்பை எடுத்த அன்று அப்பாவைச் சக்கர நாற்காலியில் கொண்டுபோனோம். புதுக் கல்லில் என்ன எழுத என்று கேட்டார்கள். "வேலு. வீராயிக்கு அண்ணன்," என்றார். அவ்வளவுதான் எழுதியிருக்கிறது.

நான் பீற்றிக்கொள்வதை விட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மதினியோடு உட்கார்ந்து இன்னும் யார் யார் எங்கே என்று எழுதிக்கொண்டிருக்கிறேன். மனசு சந்தோஷத்தில் ஓர் இடத்தில் நிற்கமாட்டேன் என்கிறது. அதுவும் முனியாண்டி ஐயா கொடுத்ததுதான்.

சொந்தங்களே, உங்களுக்கும் கேட்க வெட்கமாக ஒன்று இருக்கும். அதை அவரிடம் சொல்லுங்கள். என் லட்சணம் தெரிந்தும் எனக்குச் செய்தவர், உங்களுக்குச் செய்யாமல் விடமாட்டார்.