ரேடாருக்குத் தெரியாத நைனா

ஆயுத பூஜைக்கு மறுநாள் மாலை ஐந்து மணிக்குள் ஒரு ரெக்கார்டிங்கை அனுப்பாவிட்டால் என் மூன்று வருட வேலையை மூடிவிடுவதாக ஆபீசில் சொல்லியிருந்தார்கள். மூடினால் மூடட்டும் என்று சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. ஆயுத பூஜைக்குச் செஞ்சிக்கு வந்தபோது ரேடாரையும் கூடவே தூக்கிக்கொண்டு வந்தேன்.

காரின் முன்பக்கத்தில் வைக்கும் ரேடார் அது. அதன் வாய்க்கு முன்னால் நிற்கும் தட்டையான தகடுதான் என் வேலை. டிரான்ஸ்மிட் அரே என்று பெயர். பூதக்கண்ணாடி வெயிலைக் குவிப்பதுபோல அது ரேடார் அலையைக் குவித்து அனுப்பும். உள்ளங்கை அகலத் தகட்டில், நொய்யரிசி அளவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட செப்புத் துண்டுகள் அச்சிடப்பட்டிருக்கும். சென்னையில் நாங்கள் செய்தவற்றில் உருப்படியாக மிஞ்சியது இந்த ஒன்றுதான்.

பூஜைக்கு மறுநாள், சிங்கவரம் போகும் வழியில் வண்டி வராத ஒரு மண்பாதையில் வாடகைக் காரை நிறுத்தி ரேடாரையும், அதற்கு முன்னால் தகட்டை அதன் பெட்டியோடும் பொருத்தினேன். எழுபது மீட்டர் தள்ளி அப்பாவை, எங்கள் வீட்டு வழக்கில் நைனாவை, நிற்க வைத்தேன். வழியில் நிற்கும் மனிதனை அது காட்ட வேண்டும், ஆபீசில் கேட்டது அவ்வளவுதான். லேப்டாப் திரையில் நைனா இல்லை.

வயர்களைப் பிடுங்கித் திரும்பச் சொருகினேன். எல்லாவற்றையும் அணைத்துப் போட்டேன். கடலைக் கொல்லை ஓரம் கிடந்த எண்ணெய் டின்னை அவர் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். டின் தெரிந்தது. நைனா தெரியவில்லை. அதைப் போனில் அவரிடம் சொல்லித் தொலைத்தேன்.

"டின்னு தெரியுது, நான் தெரியலியா? இன்னா மிஷினுடி இது?"

"நேரா நில்லு நைனா!" என்று எரிந்து விழுந்தேன். அவர் பாவம், நேராகத்தான் நின்றிருந்தார். சாப்பாட்டு வேளை தாண்டியும் வெயிலில் அப்படியே நின்றார்.

மணி மூன்றானது. வேறு வழி தெரியாமல், தகடு இருக்கும் பிளாஸ்டிக் பெட்டியின் கிளிப்பைக் கழற்றினேன். தகடு முழுக்கச் சந்தனம். மூன்று பட்டை, நடுவில் குங்குமம். காற்றுப் புகாத பெட்டி என்பதால் ஈரம்கூடக் காயவில்லை. அந்த அலைக்கு ஈரம் என்றால் சுவர் மாதிரி; தகரம் அலையைப் பலமாகத் திருப்பி அடிப்பதால் டின் மட்டும் தப்பித்தது.

அம்மாவைப் போனில் பிடித்து வாய்க்கு வந்தபடி கத்தினேன். "பொட்டி மேல வெச்சா ஆவாதா?"

"பொட்டி மேல வெச்சா பொட்டிக்குத்தானடி போவும்? நீதானே சாமிகிட்ட வெக்கச் சொன்ன?"

நான்தான் சொன்னேன். படித்த படிப்பெல்லாம் கைவிட்டது என்று தோன்றிய நேரத்தில், அரிவாள்மனைக்கும் நைனாவின் மண்வெட்டிக்கும் நடுவே இதையும் வைம்மா என்று பெட்டியை நீட்டியது நான்தான். என் அம்மா எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை.

துப்பட்டாவால் துடைத்தேன். சந்தனம் இடுக்குகளில் இன்னும் அப்பியது. பதற்றத்தில் கார் சாவியால் சுரண்டினேன். பட்டையோடு செப்புத் துண்டுகளும் பெயர்ந்து என் மடியில் உதிர்ந்தன. அவற்றைப் பொறுக்கப் பார்த்தேன், என்ன புத்தியோ. பிறகு கார் கதவில் சாய்ந்து உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

போன் அடித்தது. எதிரே நின்றிருந்த நைனா.

"மணி நாலரை ஆவுதும்மா. இன்னும் நிக்கட்டா?"

நிமிர்ந்து திரையைப் பார்த்தேன். அதில் டின் மட்டும் இருந்தது.