பனிக்காட்டு நாவல்களும் எங்கள் குளியலறையும்

என் வீட்டுக்காரர் வாசிக்கும் நாவல்களில் முதல் பக்கத்தில் பனி பெய்யும். கடைசிப் பக்கத்திலும் பெய்யும். நடுவில் ஒருத்தன் விறகு வெட்டிக்கொண்டிருப்பான். வடக்கே, மனுஷ வாடையே இல்லாத ஓர் இடத்தில் மரக்குடிசை கட்டிக்கொண்டு தனியாக இருப்பான். அவனுக்கு அம்மா கிடையாது, அத்தை கிடையாது, கல்யாணத்துக்குப் போய்த் தலைகாட்ட வேண்டிய பங்காளி கிடையாது. டப்பாவில் அடைத்த அவரைக்கொட்டையைச் சூடுபண்ணித் தின்பான். தின்ற தட்டை யார் கழுவினார்கள் என்று எந்த நாவலிலும் எழுதியிருக்காது. நான் தேடிப் பார்த்திருக்கிறேன்.

ஆமாம், நானும் வாசித்தேன். அவர் முடித்து வைத்த ஒவ்வொன்றையும் எடுத்து வாசித்தேன். ஆசைப்பட்டு அல்ல. நல்லா இருந்த மனுஷனை இப்படிக் கெடுத்து வைத்தது எதுவென்று எனக்குத் தெரிய வேண்டாமா? அவர் கொல்லிமலையில் அரசுப் பள்ளி ஆங்கில ஆசிரியர். நான் இங்கேயே ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். இரண்டு பேருக்கும் சொந்த ஊர் மலைக்குக் கீழே. சேந்தமங்கலத்தில் நாங்கள் கட்டிய வீடு பூட்டிக் கிடக்கிறது. அதன் அடுப்படிக்கு ஒவ்வொரு டைல்ஸும் நான் பார்த்துப் பார்த்து எடுத்தது. கீழே டிரான்ஸ்பர் வாங்கிக்கொண்டு போய் அந்த அடுப்படியில் நின்று சமைக்க வேண்டும். இதைத் தவிர எனக்குப் பெரிய ஆசை எதுவும் இருந்ததில்லை.

அவருக்கோ மலையை விட்டு இறங்கவே மனசில்லை. மார்கழியில் மூடுபனி இறங்கினால் போதும், கம்பளித் தொப்பியை மாட்டிக்கொண்டு வாசலில் போய் நின்றுவிடுவார். "அந்த வடக்குச் சீமை மாதிரியே இருக்குதில்ல?" என்பார். எதிரே மரவள்ளி நட்டிருக்கும். அதற்கு அப்பால் மிளகுக்கொடி ஏறிய மரங்கள். ரோட்டில் மினிபஸ் ஒன்று சாமிப் பாட்டை அலறவிட்டுக்கொண்டு போகும். "ஆமாங்க, அச்சு அசலா அப்படியேதான் இருக்குது. போய்ப் பால் வாங்கிட்டு வாங்க" என்பேன்.

அவருக்குத் தனிமை வேறு வேண்டுமாம். கொல்லிமலையில் தனிமை. மலைமேலேயே திருப்புலி நாடு என்கிற ஊர்ப் பக்கம் நான் தடுப்பூசிப் பெட்டியோடு நடந்தால், சாமைக் காட்டில் களை பறிக்கிறவர்கள் எல்லாம் நிமிர்ந்து பார்ப்பார்கள். எங்கே போகிறாய், சாப்பிட்டாயா, உன் வீட்டுக்காரர் ஏன் மெலிந்துவிட்டார் என்று கேட்காமல் விடமாட்டார்கள். அந்த நாவல்காரனைக் கொண்டுவந்து இங்கே விட்டால், ஒரு மாசத்துக்குள் பெண் பார்த்துக் கல்யாணத்தை முடித்துவைத்துவிடுவார்கள். பிறகு அவன் எங்கே விறகு வெட்டுகிறான் என்று பார்க்கலாம்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். ஒரு நாள் சேலத்துக்குப் போனவர் அட்டைப்பெட்டியும் கையுமாகத் திரும்பி வந்தார். பெட்டிக்குள் ஒரு சைபீரியன் ஹஸ்கி குட்டி. பனியில் வண்டி இழுக்கிற ஜாதி. நீலக் கண். உடம்பெல்லாம் முடி, அந்த முடிக்கு அடியில் இன்னொரு முடி.

"நம்ம மலைதான் குளுகுளுன்னு இருக்குதே, தாங்கிக்கும்" என்றார்.

குட்டி வளர்ந்து, பின்னங்காலில் எழும்பினால் என் தோளைத் தொட்டது. ஒரு நாள் பக்கத்துத் தோட்டத்துக்காரர் வேலியோரம் நின்று அதை வெகுநேரம் பார்த்தார்.

"நர்ஸம்மா, இது காவ காக்குமுங்களா?"

"இல்லீங்க."

"காட்டுப் பன்னியத் தொரத்துமுங்களா?"

"பன்னி சத்தம் கேட்டா ஊட்டுக்குள்ள ஓடியாந்துருமுங்க."

"அப்பறம் எதுக்குங்க வளக்கறீங்க?"

அவர் கிண்டலுக்குக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். "சார் கதைப் பொஸ்தகம் படிப்பாருங்க" என்றேன். வேறு என்ன சொல்வது.

மாசி முடிந்ததும் நாய் குளியலறைக்குக் குடிபோனது. அங்கே சிமெண்டுத் தரை ஜில்லென்று இருக்கும். கோடை மழை விழுகிற வரைக்கும் அது நகராது, நாங்கள் ஓர் ஓரமாக ஒடுங்கி நின்று குளிக்க வேண்டும். அவர் அதற்கு வைத்த பனிதேசத்துப் பெயர் என் வாயில் நுழையாது. "டேய், தள்ளிப் படு சாமி" என்பேன். தள்ளிப் படுக்கும். அந்த வீட்டில் என் பேச்சைக் கேட்கிற ஜீவன் அது ஒன்றுதான்.

போன பங்குனியில் ஊர்த் திருவிழாவுக்காகக் கீழே போனோம். நாயைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் காரில் கூட்டிப்போனோம். மத்தியான வெயிலில் எங்கள் வீட்டைத் திறந்து உள்ளே போனதும், அது நேராக அடுப்படி டைல்ஸில் போய் விழுந்தது. நாக்கு தொங்கியது, கண் செருகியது, கால்கள் வெட்டி வெட்டி இழுத்தன. கரண்டும் இல்லை.

அவர் என்ன செய்தார் என்று நினைக்கிறீர்கள்? அதன் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு அழுதார். அவருடைய நாவல்களில் கடைசிக்கு முந்தின அத்தியாயத்தில் நாய் செத்துவிடும். அந்த ஆம்பிளை நன்றாக அழ வேண்டும் என்பதற்காகவே அதைச் சாகடிப்பார்கள். "விடு கண்ணு, அமைதியாப் போகட்டும்" என்றார் என்னிடம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சாவறதுக்கு இது ஒண்ணும் கதையில்லீங்க. எந்திரிச்சுப் போய்ப் பைப்பத் தொறங்க."

பின்பக்கம் நிழலுக்கு இழுத்துப்போய் வயிற்றிலும் தொடையிடுக்கிலும் தண்ணீரை ஊற்றிக்கொண்டே, முறத்தால் விசிறினேன். கால்நடை மருத்துவர் வந்து ஊசி போட்டார். "மலையில இருந்தா ஒருமாதிரி ஓட்டிக்குமுங்க. இங்க கொண்டாந்து வெச்சீங்கன்னா அடுத்த கோடைக்கு இருக்காது" என்றார். வெயில் தாழ்ந்ததும் காரில் மலையேறினோம். பாதி வளைவுகள் தாண்டிக் குளிர்ந்த காற்று அடித்ததும் அது தலையைத் தூக்கி என் கையை நக்கியது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவர் பார்த்துவிட்டால் அதையும் ஓர் அத்தியாயமாக ஆக்கிவிடுவார் என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அந்த வருஷ டிரான்ஸ்பர் கலந்தாய்வில் சேந்தமங்கலத்திலேயே ஓர் இடம் காலியாக இருந்தது. எத்தனையோ வருஷமாக நான் காத்துக்கிடந்த இடம். அதிகாரி பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, "எடுத்துக்கறீங்களாம்மா?" என்று கேட்டார்.

"வேண்டாங்க சார். மலையிலயே இருந்துக்கறேன்" என்றேன். காரணம் கேட்டார். நாய் என்று சொன்னால் என்னைப் பைத்தியம் என்றே நினைப்பார்கள். காற்று நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

வீட்டில் சொன்னதும் அவர் முகம் பூரித்துப்போனது. "கடைசில உனக்கும் இந்தத் தனிமை புடிச்சுப்போச்சு பாரு" என்றார். நான் நாய்க்குச் சோறு எடுத்து வைக்கப் போனேன். குளியலறையிலிருந்து வால் தரையில் தட்டுகிற சத்தம் கேட்டது.

சேந்தமங்கலம் வீட்டைச் சும்மா பூட்டி வைப்பானேன் என்று வாடகைக்கு விட முடிவு செய்தேன். போன வாரம் இளம் தம்பதி ஒன்று பார்க்க வந்தது. அந்தப் பெண்ணுக்கு அடுப்படி ரொம்பப் பிடித்துவிட்டது. டைல்ஸைத் தடவித் தடவிப் பார்த்தாள்.

"ஏனுங்கக்கா, நாங்க ஒரு நாய் வெச்சிருக்கறமுங்க. பரவால்லீங்களா?"

"வேண்டாம் கண்ணு. இந்த ஊட்டு வெயிலு நாய்க்கு ஆகாது."

"நாட்டு நாய்தானுங்கக்கா. அதெல்லாம் தாங்கிக்குமுங்க" என்று சிரித்தாள்.

தாங்கிக்கொள்ளும் என்று எல்லாரும் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். "வேற ஊடு பாத்துக்க கண்ணு" என்று நான் சாவியை எடுத்துக்கொண்டு, அவர்கள் வெளியே வருவதற்காக வாசலில் நின்றேன்.