அப்பாவின் க்ளவுஸில் ஒரு பள்ளிக்கூடம்

எங்கள் வீட்டுக்கு விருந்தாளிகள் வருகிறார்கள் என்றால் அம்மா செய்யும் முதல் வேலை வீட்டைக் கூட்டுவது அல்ல, என்னை அப்புறப்படுத்துவது. மாடியில் வீட்டுக்கார அம்மா இருந்தார். கன்னடத்தில் கொஞ்சுவார், வளையல் வளையலாகச் சுட்ட கோடுபளே முறுக்கு கொடுப்பார். விருந்தாளிகள் காபி குடித்துக் கிளம்பும்வரை நான் அங்கேதான் இருக்க வேண்டும். காரணம் என் வாய். அது ஓட்டை வாய் என்று சொந்தபந்தம் முழுவதற்கும் தெரியும். ஒருமுறை பெரியம்மா வந்திருந்தபோது, "நீங்க குடுத்த புடவைய அம்மா பாத்திரக்காரனுக்குப் போட்டுட்டாங்க, இந்த அண்டா அதுக்கு வந்ததுதான்" என்று சொல்லிவிட்டேன். அண்டா நல்ல அண்டா. அந்தப் பெருமையில்தான் சொன்னேன். அதோடு என் மாடி வாசம் உறுதியாகிவிட்டது.

அப்போது நான் மூன்றாம் வகுப்பு. ஓசூருக்குப் பக்கத்தில் மத்திகிரியில் வாடகை வீடு. அப்பா வண்டிகளுக்கு உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்த்தார். அம்மாவின் தங்கை, என் சித்தி, எங்களோடு இருந்தாள். கெலமங்கலத்தில் தாத்தா தவறிய பிறகு அவளுக்கு எல்லாமே நாங்கள்தான். இரண்டு தெரு தள்ளி ஒரு சின்ன நர்சரிப் பள்ளியில் அவள் டீச்சர்.

அந்த வகுப்பை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வருகிறது. எல்லாம் கம்பெனிக்காரர்களின் பிள்ளைகள். ஒன்று தமிழ் பேசும், ஒன்று கன்னடம், ஒன்று தெலுங்கு, ஒன்று இந்தி. ஒடிசாவிலிருந்து வந்த ஒரு பையன் எதுவும் பேசாமல் அழுவான். சித்தி "தண்ணி" என்றால் ஒரு பிள்ளை குடிக்க ஓடும், மற்றவை அவள் வாயையே பார்த்துக்கொண்டிருக்கும். பேச்சு உதவாது என்று கண்டதும் அவள் பொருள்களைக் கையில் எடுத்தாள். பள்ளியிலோ ஒரு பொம்மை வாங்கக்கூட வழியில்லை. ஆகவே அவள் எங்கள் வீட்டுக் குப்பைமேல் கண் வைத்தாள்.

சிக்கல் என்னவென்றால் எங்கள் வீட்டில் குப்பையே கிடையாது. பால் கவரை அம்மா கழுவிக் காயவைத்து எடைக்குப் போடுவாள். பூஸ்ட் பாட்டிலில் துவரம்பருப்பு இருக்கும். பழைய புடவை தலையணை உறையாகி, கரித்துணியாகி, கடைசியில் மிதியடியாகித்தான் உயிரை விடும். சித்தி வேண்டாத பொருள் என்று எதைத் தொட்டாலும் அது அம்மாவுக்கு வேண்டிய பொருளாக இருந்தது. "இந்த வூட்ல ஒரு மூடியக் கூட நிம்மதியா வெக்க முடியல" என்று அம்மா கத்தாத நாளில்லை. இருந்தும் சித்தி கொஞ்சம் கொஞ்சமாக ஜெயித்துக்கொண்டே வந்தாள். சோடா மூடிகளை ஓட்டை போட்டு உடைந்த குடைக்கம்பியில் கோத்தாள், எண்ணிப் பழக ஓர் எண் சட்டம் வந்தது. ரோஜாத் தோட்டத்தில் மொட்டுக்கு மாட்டும் வலைத்தொப்பிகளை வாங்கி வந்து அவற்றில் மீன் செய்தாள். முட்டை அட்டையில் ஒரு முதலை. நான் அவளுக்கு எடுபிடி. பசை பூசுவது, ஊதிக் காயவைப்பது, அம்மா வருகிறாளா என்று பார்ப்பது எல்லாம் என் பொறுப்பு.

எல்லாவற்றிலும் சிறந்தது க்ளவுஸ் பொம்மை. கம்பெனியில் அப்பாவுக்குக் கொடுக்கும் வெள்ளை நூல் க்ளவுஸ் அது. ஒன்றைப் பிரித்து நூலெடுத்து, இன்னொன்றின் விரல்களுக்கு முடி தைத்தாள். கட்டைவிரல் டீச்சர். அதற்குப் பின்னலும் பொட்டும் உண்டு. மற்ற நான்கு விரலும் தமிழ், கன்னடம், தெலுங்கு, இந்திப் பிள்ளைகள். ஒடிசாப் பையனுக்கு விரல் மிச்சமில்லை, அவன் மணிக்கட்டில் தொங்கினான். அப்பா பதறிவிட்டார். கிழிந்த ஜோடியைக் கொண்டுபோய்க் கொடுத்தால்தான் ஸ்டோர்ஸில் புது ஜோடி தருவார்களாம். "இத எப்பிடிம்மா நான் கொண்டுபோய்க் குடுப்பேன், கண்ணு மூக்கோட?" என்றார். அவர் கோபமே அவ்வளவுதான்.

அந்த வருஷம் சித்தி ஓர் அமைப்புக்கு விண்ணப்பம் போட்டாள். வெளிநாடுகளில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தர டீச்சர்களைத் தொண்டுக்கு அனுப்பும் அமைப்பு. தங்க இடமும் சோறும் டிக்கெட்டும் அவர்கள் பொறுப்பு, சம்பளம் கிடையாது. ஓசூரில் ஒரு பிரவுசிங் சென்டரில் கம்ப்யூட்டர் வழியாகவே அவளிடம் கேள்வி கேட்டார்கள். நான் மேஜைக்குக் கீழே பையோடு உட்கார்ந்திருந்தேன். மொழி தெரியாத பிள்ளைகளுக்கு எந்தக் கருவியும் இல்லாமல் எப்படிப் பாடம் நடத்துவீர்கள் என்று கேட்டார்களாம். சித்தி மேஜைக்கடியில் கை நீட்டினாள். நான் முதலையைக் கொடுத்தேன். பிறகு மீன், பிறகு எண் சட்டம், பிறகு அந்த க்ளவுஸ். கம்ப்யூட்டருக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. எனக்கு எழுந்து குதிக்க வேண்டும்போல இருந்தது. குதிக்கவும் செய்தேன், தலை மேஜையில் இடித்துக்கொண்டது.

"இவள யாரு கூப்பிடப் போறாங்க" என்று அப்பா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அதற்குள் அவருக்கு வேறொரு கவலை வந்து சேர்ந்தது. அவருடைய சூப்பர்வைசர் தன் தம்பிக்கு சித்தியைக் கேட்டுவிட்டார். குந்தாரப்பள்ளிப் பக்கம் நிலம் நீச்சு உள்ள குடும்பம். ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள்.

சித்தி ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள். "மாமா, எனக்கு இப்ப வேணாம்."

"நம்ம பக்கத்துலருந்து வேணாம்னு எப்பிடிம்மா சொல்றது? தெனமும் அந்த மனுசன் மூஞ்சிலதான் நான் முழிக்கணும். அவங்களா வேணாம்னு போனா அது வேற" என்றார் அப்பா. அவரைச் சொல்லியும் குற்றமில்லை. அவரைக்காய் அரிந்துகொண்டிருந்த அம்மா, அரிந்து முடித்ததையே மறுபடியும் எடுத்து அரிந்தாள்.

மறுநாள் துவைக்கிற கல்லருகே சித்தி என்னைத் தனியாக அழைத்தாள். கையிலிருந்த நுரையைத் துடைத்துக்கொண்டு, என் கண்ணைப் பார்த்துச் சொன்னாள்.

"உன்ன நம்பித்தான் சொல்றேன். என்னத் தேர்ந்தெடுத்துட்டாங்கடி. தான்சானியாவுக்கு. தை மாசம் பிளேன். ரெண்டு வருசம்."

நான் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டேன்.

"வரப்போறவங்களுக்கு மட்டும் இது தெரியவே கூடாது. தெரிஞ்சா அப்பவே எழுந்து போயிடுவாங்க. புரிஞ்சுதா?"

பிறந்ததிலிருந்து என்னிடம் யாரும் ரகசியம் என்று ஒன்றைத் தந்ததில்லை. தந்தவுடன்தான் தெரிந்தது, அது எவ்வளவு பெரிய தொல்லை என்று. பள்ளியில் உலகப் படத்தில் தான்சானியாவைத் தேடிப் பிடித்து விரலால் மூடிக்கொண்டு நின்றேன். வேறு யாரும் பார்த்துவிடக் கூடாதல்லவா. வீட்டுக்கு வந்து தண்ணீர்த் தொட்டிக்குள் தலையை விட்டு, "தான்சானியா" என்று சொல்லிப் பார்த்தேன். தொட்டி திருப்பிச் சொன்னது. கொஞ்சம் பாரம் குறைந்தது. சித்தி தினமும் வந்து கேட்பாள், "இன்னுமா யார்கிட்டயும் சொல்லல?" நான் மார்தட்டி இல்லை என்பேன். அவள் ஏதோ யோசனையோடு போவாள். என் உறுதியைக் கண்டு அசந்துபோகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை நானாகவே செருப்பை மாட்டிக்கொண்டு மாடிக்குக் கிளம்பினேன். அம்மா கையைப் பிடித்து இழுத்தாள். "எங்க போற? உள்ள வா." பட்டுப் பாவாடை கட்டிவிட்டாள், பூ வைத்தாள். மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்ததும் என்னைக் கொண்டுபோய் மாப்பிள்ளையின் அம்மாவுக்குப் பக்கத்திலேயே உட்கார வைத்தாள். "பெரியவங்க கேட்டா நல்லா பதில் சொல்லு" என்று தலையைத் தடவிவிட்டுப் போனாள். எனக்குப் பதவி உயர்வு கிடைத்துவிட்டது என்று தோன்றியது. வளர்ந்துவிட்டேன், ரகசியம் காக்கிறவளாக ஆகிவிட்டேன், அது என் முகத்திலேயே தெரிகிறது போலும்.

நாங்கள் செய்த பொருளெல்லாம் அலமாரியில் வரிசையாக இருந்தது. மாப்பிள்ளையின் அம்மா அதையே பார்த்தார். முதலையைக் கையில் எடுத்துத் திருப்பினார்.

"இதெல்லாம் ஆரு செஞ்சது?"

"எங்க கொழுந்தியாதாங்க" என்றார் அப்பா, இப்போதாவது உதவுகிறதே என்கிற குரலில்.

"முட்ட அட்டையிலயா! பொண்ணுன்னா இப்பிடி இருக்கணும். ஒரு பொருள வீணாக்காதுபோல. எங்க வூட்ல ஷோகேஸ் செஞ்சு போட்டு ஒரே காலியா கெடக்குது. இவ வந்தா நெறச்சிடுவா." அவர் சூப்பர்வைசரைப் பார்த்தார். "தை மாசமே முடிச்சிடலாம்டா."

கேசரித் தட்டோடு நின்றிருந்த சித்தியின் முகத்தில் ரத்தமே இல்லை. தை மாசமா? தை மாசம்தானே பிளேன்! தான்சானியா என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பாவாடையைக் கசக்கினேன், உதட்டைக் கடித்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அடக்கத்தான் பார்த்தேன்.

அந்த நேரம் பார்த்து அம்மா சமையலறை வாசலில் நின்றுகொண்டு, "பாப்பா, சித்தி செஞ்ச கை பொம்மைய எடுத்து அவங்களுக்கு ஆட்டிக் காட்டு" என்றாள்.

ஓடிப்போய் எடுத்து மாட்டிக்கொண்டேன். "இவங்க டீச்சர். இவன் தமிழு, இது கன்னடா, இவ தெலுங்கு, இவன் இந்தி." டீச்சர் ஒவ்வொரு விரலாகக் குனிந்து முத்தம் கொடுத்தாள். எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பைக் கேட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. கை தானாக மேலே போனது. "இப்ப டீச்சர் பிளேன் ஏறிட்டாங்க!" உர்ரென்று சத்தம் கொடுத்தபடி அறை முழுக்க ஓடினேன். க்ளவுஸ் மாப்பிள்ளையின் தலைக்கு மேலே ஒரு வட்டம் போட்டது.

"எங்க போறாங்க?" என்று கேட்டார் மாப்பிள்ளை. அதுவரை அவர் பேசவே இல்லை.

"தான்சானியாவுக்கு! தை மாசம்! ரெண்டு வருசத்துக்கு! சித்திய எடுத்துக்கிட்டாங்க!"

அப்பா கையிலிருந்த காபி வேட்டியில் கொட்டியது. மாப்பிள்ளையின் அம்மாவின் முகம் மட்டும் இன்னும் மலர்ச்சியாகத்தான் இருந்தது. "வெளிநாட்டு வேலையா? சொல்லவேயில்லியே! என்னா சம்பளம் தராங்களாம்?"

இதைவிடப் பெருமையான பதில் உலகத்தில் இருக்க முடியாது என்ற நம்பிக்கையோடு, "சம்பளமே கெடையாது! சும்மாவே சொல்லித் தருவாங்க!" என்றேன்.

"சும்மாவா?" அவர் முதலையை அலமாரியில் வைத்தார். பிறகு தன் பங்குக் கேசரியையும் தள்ளி வைத்தார். எமகண்டம் வரப்போகிறது என்று யாரோ சொன்னார்கள். எல்லோரும் எழுந்தார்கள்.

அம்மா என் கையைப் பிடித்துச் சமையலறைக்குத் தரதரவென்று இழுத்துப் போனாள். "வாயாடி நாயே, குடும்ப மானத்த வாங்கிட்டியேடி!" என்று வாசலில் செருப்பு மாட்டுகிறவர்களுக்கும் கேட்கும்படி கத்தினாள். நான் கண்ணை மூடிக்கொண்டு அடிக்காகக் காத்திருந்தேன். அடி விழவில்லை. கண்ணைத் திறந்தபோது அம்மா வாணலியைச் சுரண்டி, முந்திரியாகப் பொறுக்கி ஒரு கிண்ணம் நிறையக் கேசரி வைத்துக்கொண்டிருந்தாள். "ஓட்ட வாய், ஓட்ட வாய்" என்று இன்னொரு தடவை சத்தமாகச் சொல்லிவிட்டு அதை என் கையில் திணித்தாள். கோபத்தில் அவளுக்கு அடிக்கக் கை ஓடவில்லை என்று நினைத்துக்கொண்டு மளமளவென்று தின்றேன்.

திங்கட்கிழமை அப்பா நடுங்கிக்கொண்டே வேலைக்குப் போனார். திரும்பி வரும்போது அவர் டிபன் பையில் க்ளவுஸ் பொம்மை இருந்தது. அம்மா என்னை இழுத்தபோது கழன்று விழுந்ததை எடுத்துக் கையில் மாட்டிப் பார்த்த மாப்பிள்ளை, கழற்ற மறந்து குந்தாரப்பள்ளி வரைக்கும் கொண்டுபோய்விட்டாராம். சூப்பர்வைசரே கொண்டுவந்து தந்தாராம். "அம்மாதான் இன்னும் சும்மாவா சும்மாவான்னு பொலம்பறாங்க. தம்பி இத வெச்சுக்கிட்டு என் பசங்களோட ராத்திரி வரைக்கும் ஒரே ஆட்டம். இந்தா, ஸ்டோர்ஸ்ல குடுத்துடாத" என்று சிரித்தாராம். அப்பா அதை சித்தியின் கையில் கொடுத்து, "இதையும் பெட்டியில போட்டுக்க" என்றார். தனக்கு பஸ் ஸ்டாண்டு கடையில் காசு கொடுத்து வேறு ஜோடி வாங்கிக்கொண்டார்.

தை பிறந்தது. பெங்களூர் ஏர்போர்ட் வாசலில் சித்தி என்னைத் தூக்கிச் சுற்றினாள். "உன்னாலதான்டி" என்று காதில் சொன்னாள். முதலை செய்ய முட்டை அட்டையைப் பிடித்துக்கொண்டதற்கு நன்றி சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். அம்மா அழுதாள், ஆனால் அழுதுகொண்டே சிரித்தாள். கடைசியாகக் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து க்ளவுஸ் மாட்டிய கை ஒன்று ஆடியது. நான் "தான்சானியா!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். இனி அதில் ரகசியம் ஒன்றும் இல்லையே.

அடுத்த மாதம் பெரியம்மா வந்தார். நான் சடை பின்னி, அதே பட்டுப் பாவாடையைக் கட்டிக்கொண்டு, நானாகவே போய்க் கூடத்தில் நடுநாயகமாக உட்கார்ந்தேன். அம்மா ஒரு பார்வை பார்த்தாள். அடுத்த நிமிஷம் நான் மாடியில் இருந்தேன். வீட்டுக்கார அம்மா கோடுபளே கொடுத்தார். அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் எனக்குக் கிடைத்த மரியாதை எப்படிப் போயிற்று, அதற்குள் அப்படி என்ன தப்பு செய்துவிட்டேன் என்று யோசித்துக்கொண்டே அதைக் கடித்தேன்.